முந்நூறு பைட்டில் நம் கைநாட்டு

"ரேகை விழல." இந்த இரண்டு சொற்களைக் கடந்த சில ஆண்டுகளில் கேட்காத ஆள் நம் தெருக்களில் இருக்க முடியாது. தென்னேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நாங்கள் வேலை செய்கிறோம். நூறு நாள் வேலை, முதியோர் ஓய்வூதியம், சாதிச் சான்றிதழ் என்று எந்த மனுவைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. தலையில தேய்ச்சிட்டு வைம்மா, முந்தானையில தொடச்சிட்டு வை, வேற வெரல வை, நாளைக்கு வா. கருவி சரியில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. விரல் சரியில்லை என்றே சொல்கிறார்கள். பாட்டிகளும் அதை நம்பிவிட்டார்கள். "என் ரேகை தேஞ்சு போச்சு சாமி" என்று ஏதோ தப்பு செய்தவர்போல நம்மிடம் சொல்கிறார்கள்.

குற்றம் விரலில் இல்லை. இதை உணர்ச்சியாகச் சொன்னால் போதாது, தொழில்நுட்பமாகவே சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாதவரை நம் கோபத்தை அவர்கள் "டெக்னிக்கல் பிராப்ளம்" என்ற ஒரே பதிலில் அடக்கிவிடுவார்கள். பொறியியல் படிக்கும் தோழர்களுக்கு இது தெரிந்த கதை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விரலைக் கருவியில் வைத்ததும் அது ஒரு படம் எடுக்கிறது, அங்குலத்துக்கு 500 புள்ளி என்ற அளவில். அந்தப் படத்தில் ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று மென்பொருள் தேடுகிறது. அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்கிறது: எந்த இடம், முடிவா பிரிவா, எந்தக் கோணம், எவ்வளவு தெளிவு. ஐ.எஸ்.ஓ. 19794-2 என்ற சர்வதேசத் தர வடிவத்தில் ஒரு இடத்துக்கு 6 பைட். நாற்பது ஐம்பது இடம் கிடைத்தால் தலைப்பு விவரத்தோடு சேர்த்து சுமார் 300 பைட். நாம் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கூட இதைவிடப் பல மடங்கு பெரியது. இந்த 300 பைட்டை மறைகுறியாக்கி அனுப்புகிறார்கள். மறுமுனையில், ஆதார் எடுத்தபோது கொடுத்த பத்து விரலும் இரண்டு கருவிழியும் முகமும் இருக்கின்றன. அங்கே ஒப்பிடுகிறார்கள்.

டேட்டாபேஸில் பெயர் எழுத்தாக இருக்கும், பிறந்த தேதி தேதியாக இருக்கும். இரண்டையும் சமமா இல்லையா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று பதில் வந்துவிடும். கருவியிலிருந்து வரும் இந்த பைட் மூட்டை அப்படிப்பட்டதல்ல. பிளாப் என்று சொல்வார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று டேட்டாபேஸுக்கே தெரியாத ஒரு பொட்டலம். மேலும், ஒரே ஆளின் ஒரே விரல் இரண்டு முறை வைத்தால் ஒரே பைட்டுகளைத் தருவதில்லை. கொஞ்சம் சாய்ந்தால், வியர்த்தால், அழுத்தினால் மாறிவிடும். ஆகவே அங்கே நடப்பது சமம் பார்ப்பது அல்ல, மதிப்பெண் போடுவது. இவ்வளவு மார்க்குக்கு மேல் வந்தால் பாஸ், கீழே வந்தால் ஃபெயில்.

அந்தப் பாஸ் மார்க்கை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். அதை உயர்த்தினால் ஆள்மாறாட்டம் குறையும், உண்மையான ஆட்கள் அதிகம் பேர் திருப்பி அனுப்பப்படுவார்கள். தாழ்த்தினால் நேர்மாறாக நடக்கும். இரண்டும் ஒன்றுசேரக் குறையும் இடம் என்று ஒன்று கிடையாது. திருடன் ஒருவன் நுழையக் கூடாது என்பதற்காக எத்தனை பாட்டிகளைத் திருப்பி அனுப்பலாம் என்ற கேள்விக்கு ஒரு அரசு சொன்ன பதில்தான் அந்த எண். எந்த சட்டமன்றத்திலும், எந்த கிராம சபையிலும் அதைப் பற்றி விவாதித்ததில்லை.

ஃபெயில் ஆகும் விரல்கள் யாருடையவை? நாற்று நட்டுக் களை பறித்த விரல். செங்கல் சூளையில் மண் பிசைந்த விரல். கல்குவாரியில் ஜல்லி அள்ளிய விரல். பிளீச்சிங் பவுடரை வெறுங்கையால் தூவிய தூய்மைப் பணியாளரின் விரல். காஞ்சிபுரம் பட்டு என்று உலகமெல்லாம் பேசுகிறது. அந்தத் தறியில் பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நுனியை ஆயிரக்கணக்கில், இழை இழையாக, விரலால் முறுக்கி இணைக்கிறார்களே, அந்தப் பெண்களின் விரல். வயதானால் எல்லோருக்கும் ரேகை மங்கும், உண்மைதான். ஐம்பது வருடம் பேனா பிடித்த விரல் மங்குவதும் ஐம்பது வருடம் சுண்ணாம்பில் கிடந்த விரல் மங்குவதும் ஒன்றல்ல. யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்று சாதி பிரித்துக் கொடுத்தது. அந்த வேலை தோலைத் தேய்த்தது. தேய்ந்த தோலுக்கு இயந்திரம் குறைந்த மார்க் போடுகிறது. அந்த டேபிளில் சாதிக்கென்று தனிப் பத்தி ஒன்று தேவையே இல்லை.

இதெல்லாம் ஊகம் என்பவர்களுக்கு அரசின் கணக்குகளே இருக்கின்றன. ஒன்றிய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார் சரிபார்ப்புத் தோல்வி பற்றிய மதிப்பீடுகளை அதுவே எடுத்துச் சொன்னது: ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம், குஜராத்தில் 6 சதவீதம், ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5 சதவீதம். ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரி 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் விளக்கம் கொடுத்தபோது, அரசு சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 சதவீதம் என்று காட்டினார். அதாவது நூற்றில் 12 தோல்வி. ஒரு வங்கி ஏ.டி.எம். நூற்றில் 12 பேருக்குப் பணம் கொடுக்க மறுத்தால் அதை மறுநாளே மூடியிருப்பார்கள். 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இன்னும் சுவாரசியமானது. 2018-19இல் நடந்த 3.04 கோடி பயோமெட்ரிக் புதுப்பிப்புகளில் 73 சதவீதத்துக்கு மேல், முதலில் எடுத்தது சரியில்லாததால் மக்களே காசு கொடுத்துத் திரும்பச் செய்துகொண்டவை என்கிறது அது. அவர்கள் மோசமாக எடுத்த படத்துக்கு நாம் கட்டணம் கட்டியிருக்கிறோம்.

இந்தக் கணக்குக்கு உயிர் விலையும் உண்டு. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி சோறு கேட்டுக்கொண்டே இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினிச் சாவு இல்லை, நோயால் இறந்தாள் என்றது அரசு. அந்தத் தாய் தொடுத்த வழக்கில்தான், 3 கோடி ரேஷன் அட்டைகள் நீக்கப்பட்டன என்ற புகாரை மிகக் கடுமையான விஷயம் என்று சொல்லி 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசுகளிடம் பதில் கேட்டது.

தமிழ்நாடு ஜார்க்கண்ட் அல்ல. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. இங்கே எல்லோருக்குமான ரேஷன் இருக்கிறது, பல பத்தாண்டு அரசியல் போராட்டத்தின் விளைச்சல் அது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை என்று கைரேகையைக் கொண்டுவந்தபோது கடைகள் திணறியதும், பழைய முறைக்கும் இடம் கொடுக்க வேண்டி வந்ததும் நினைவிருக்கும். வர முடியாத முதியவர்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாங்கிக்கொள்ளப் படிவம் இருக்கிறது. கருவிழிக் கருவிகள் வந்தன. 2025 ஆகஸ்ட் 12 அன்று, 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் தொடங்கியது. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் 55 வயதில் சூளையிலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு பெண்ணுக்கு இதில் எதுவும் உதவாது. படிவம் உண்டு என்று சொல்லவும் ஆள் இல்லை. நாங்கள் போகும் ஊர்களில் ஒரு கடையில், மாற்று வழி என்ன என்று கேட்ட பெண்ணிடம் "மாத்து வழி ஆதார் சென்டர்தான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆதார் மையத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். சரிபார்ப்பு தோற்றால் என்ன செய்ய வேண்டும், அதை எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபர் 24 அன்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டை நீங்கள் உங்கள் ஊர்க் கடையில் பார்த்ததுண்டா?

எங்கள் குற்றச்சாட்டின் மையம் இதுதான். இந்த அமைப்பு நம் விரலைச் சேமிக்கிறது. நம்மைத் திருப்பி அனுப்பியதை நம் கைக்குக் கொடுப்பதில்லை. பொருள் வாங்கினால் கைப்பேசிக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. மறுத்தால் எதுவும் வருவதில்லை. மூன்று முறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பியவர், மாதக் கடைசிக் கணக்கில் பொருள் வாங்க வராதவர் ஆகிவிடுகிறார். வராதவர்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போலி அட்டைகளை ஒழித்தோம், இத்தனை கோடி சேமித்தோம் என்று டெல்லியில் கணக்குச் சொல்கிறார்கள். தோல்வி அவர்கள் பக்கம் பதிவாகாமலும் இல்லை. ரேகை பொருந்தாவிட்டால் ஆதார் அமைப்பு 300 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. அந்த எண் கருவியின் திரை வரைக்கும் வந்து சேருகிறது. வரிசையில் நிற்கும் பெண்ணிடம் வந்து சேருவது "நாளைக்கு வா" மட்டும்தான்.

படிக்க முடியாத ஆவணம் நமக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு ஜில்லாவுக்குள் இருந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. வேறு சாதியாருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது என்று நிபந்தனை இருந்தும் அதில் பெரும்பகுதி கைமாறியது. எப்படி? கடன் பத்திரம் என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிய கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். தென்னேரியிலிருந்து வெகு தொலைவில்லாத உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. யார் சபைக்கு நிற்கலாம் என்று சோழன் காலத்தில் வெட்டி வைத்தார்கள். கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. நமக்கு அதில் இடமில்லை. ஆனால் இடமில்லை என்பதையாவது இன்றைக்கும் சுவரில் நின்று படிக்க முடிகிறது. பழைய ரேஷன் பதிவேட்டில்கூட, வராத ஆள் பேரில் சர்க்கரை போயிருந்தால் பத்தாவது படித்த தம்பி ஒருவன் கண்டுபிடித்துச் சண்டை போடுவான். 300 பைட் பொட்டலத்தை எந்தத் தம்பி பிரித்துப் படிப்பான்?

கைரேகை என்ற தொழில்நுட்பம் பிறந்த கதையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை ஒரு ஒப்பந்தத்தின் பின்னால் பதிய வைத்தார். பின்னாளில் அவன் "நான் செய்யவில்லை" என்று மறுக்கக் கூடாது என்பதற்காக. மக்கள் ஆட்சியாளரை நம்புவதற்காக இது கண்டுபிடிக்கப்படவில்லை. ஆட்சியாளர் மக்களை நம்பாததால் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வழியில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. தெற்கே அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்தச் சாதியினரில் பலர் இன்றைக்கு நம்மீது காட்டும் ஆதிக்கத்தை நாங்கள் மறக்கவில்லை. அதற்காக அவர்களின் பாட்டன்கள் அன்றைக்குச் சொன்ன "முடியாது" நமக்கு அந்நியமாகிவிடாது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம்" என்பவர்கள் 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தைப் படிக்கட்டும். கைது செய்யப்படும் ஒருவரின் விரல் ரேகை, உள்ளங்கை, பாதம், கருவிழி என்று எடுக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டு வைத்திருக்கலாம். முன்பு தண்டனை ஏதும் பெறாதவர் விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கும் நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாவிட்டால் என்ற வால் இருக்கிறது. வழக்கு முடியவே பதினைந்து வருடம் ஆகும் நாட்டில் அந்த வரிக்கு என்ன மதிப்பு? சாலை மறியலில் கைதாகி மாலையில் மண்டபத்திலிருந்து வெளியே வரும் மாணவத் தோழர்களே, இது உங்களைப் பற்றியது. சிறைகளில் நம் மக்களின் பங்கு மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதல் என்று ஆண்டுதோறும் அந்த ஆவணக் காப்பகமே அச்சிடுகிறது. அப்படியானால் அந்த டேட்டாபேஸ் யாருடைய விரல்களால் நிரம்பும்? பாதுகாப்பாக இருக்கிறது என்பார்கள். தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் மென்பொருள் தளத்தில் 2024 மே மாதம் யாரோ ஒரு கணக்கின் வழியாக நுழைந்துவிட்டார்கள். காவல்துறையே ஒப்புக்கொண்டது. கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம். விரலையும் முகத்தையும் எந்தக் கடையில் மாற்றுவது?

நூறு நாள் வேலையிலும் இதே கதை. 2023 ஜனவரி 1 முதல் காலையிலும் பிற்பகலிலும் இருப்பிடக் குறியோடு படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகை என்றார்கள். நெட்வொர்க் இல்லாத ஏரிக்கரையில் இரண்டாவது படம் ஏறாவிட்டால் உழைத்த நாள் உழைக்காத நாள். ஆனால் வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள், படத்தை வைத்து எடுத்த படங்கள் எல்லாம் ஏறியிருக்கின்றன என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை எழுதியது. கோடிக்கணக்கில் சேமித்தார்கள், எவரும் திறந்து பார்க்கவில்லை. ஏமாற்றியவர்களை அந்தச் செயலி தடுக்கவில்லை, மண் வெட்டியவர்களின் கூலியைத்தான் தடுத்தது. நாக்பூரிலும் சண்டிகரிலும் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எந்த மாநகராட்சி ஆணையரின் கையிலாவது அப்படிக் கட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை.

இயந்திரத்துக்கு எதிரானவர்களா நாங்கள்? இல்லை. அண்ணல் அம்பேத்கர் காந்தியோடு மோதிய இடங்களில் இதுவும் ஒன்று. இயந்திரமும் நவீன நாகரிகமும்தான் மனிதனை விலங்கு வாழ்விலிருந்து மீட்கும் என்று வாதாடியவர் அவர். எங்கள் கேள்வி இயந்திரத்தின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான். 2025இல் ரேஷன் கடைத் தராசை பி.ஓ.எஸ். கருவியோடு இணைத்தார்கள். எடை சரியாக நின்றால்தான் பில் போடும். வேலை தாமதமாகிறது என்று கடை ஊழியர்கள் சொன்னார்கள், அதில் நியாயம் இருக்கிறது, அவர்களுக்கு வரும் மூட்டையும் சரியான எடையில் வர வேண்டும். ஆனாலும் அந்தக் கருவி நம் பக்கம் நின்று கடையைப் பார்க்கிறது. கிடங்கிலிருந்து புறப்பட்ட எடை, கடைக்கு வந்த எடை, கைக்கு வந்த எடை மூன்றும் பொதுவில் வரட்டும். அப்படிப்பட்ட டேட்டாபேஸ் எத்தனை வேண்டுமானாலும் கட்டுங்கள், எங்கள் பிள்ளைகளே வந்து கோடு எழுதித் தருவார்கள்.

ஆதார் வழக்கின் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு, சரிபார்ப்புப் பதிவுகளை ஆணையம் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. யார் எங்கே போனார் என்று அரசு துருவக் கூடாது என்பதற்கான நல்ல பாதுகாப்பு அது. ஆனால் எண்ணிக்கைக்குப் பெயர் தேவையில்லை. இந்தக் கடையில் இந்த மாதம் 300 என்ற பிழை எத்தனை முறை வந்தது, அதில் எத்தனை பேருக்கு அன்றே பொருள் கொடுக்கப்பட்டது. பெயர் வேண்டாம், ஆதார் எண் வேண்டாம், இரண்டு எண்கள் போதும். கடைச் சுவரில் மாதாமாதம் ஒட்டட்டும். ரேகை விழாதவருக்கு "கருவி ஏற்கவில்லை" என்று தேதி, நேரத்தோடு ஒரு சீட்டு அச்சிட்டுக் கொடுக்கட்டும். ஒரு முறை தோற்றால் அதே நாளில் கையெழுத்தோ கைநாட்டோ பெற்றுப் பொருளைக் கொடுத்துவிட்டு, மீதிச் சரிபார்ப்பை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உழைத்துத் தேய்ந்த விரலைப் புதுப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது.

கல்லூரித் தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உடனே இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடும்போது "எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது" என்று கேட்காதீர்கள், அப்படி யாரும் இல்லை என்று ஒரே வரியில் பதில் வரும். உங்கள் வட்டத்தில் கடைவாரியாக, மாதவாரியாக, பிழை எண் 300 பதிவான எண்ணிக்கையையும், விதிவிலக்குப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். நாங்கள் ஒன்றியத்தின் சில ஊர்களில் ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொடங்கியிருக்கிறோம். தேதி, எத்தனை முறை விரல் வைத்தார், என்ன சொல்லி அனுப்பினார்கள், என்ன வேலை செய்பவர், அவ்வளவுதான். ஒவ்வொரு தெருவிலும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளை எழுதுகிறாள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு நோட்டோடு போகிறோம், பதிவேட்டைக் கொண்டுவாருங்கள் என்று தீர்மானம் கேட்போம். உங்கள் ஊரிலும் தொடங்க விரும்புபவர்கள், பக்கங்களுக்கு முதலிலேயே எண் போட்டுவிடுங்கள், இடையில் ஒரு தாளைக் கிழிக்க முடியாது.